நுங்கம்பாக்கத்தில் தெரிந்த புது நட்சத்திரம்

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



1863-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி இரவு. கத்திரி வெயில் காலம். சென்னையில் அப்போது மின்விளக்கு கிடையாது, ஆலைப் புகை கிடையாது. ஊருக்கு மேலே வானம் கன்னங்கரேலென்று இருந்த காலம். நுங்கம்பாக்கத்தில் இருந்த அரசு வானாய்வுக்கூடத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கியில் விருச்சிக ராசிப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு நட்சத்திரம் இருந்தது. ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது! அதற்கு முன் எந்த நட்சத்திரப் படத்திலும் அந்த இடத்தில் அப்படி ஒன்று குறிக்கப்பட்டிருக்கவில்லை.

சரி, நன்றாகப் பார்ப்போம் என்றால் அது காத்திருக்கவில்லை. சில நாட்களுக்குள்ளேயே மங்கி, அவர் தொலைநோக்கிக்கே எட்டாமல் போய்விட்டது.

ஒரு நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? எங்கே போனது? போக்சனுக்குத் தெரியாது. அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான். தேதியையும் இடத்தையும் பிரகாசத்தையும் குறித்து வைத்தார்.

"யாரோ வெள்ளைக்காரன் என்னமோ பார்த்தான், நமக்கு என்னப்பா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தக் குறிப்புக்கு விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த விடையின் முக்கியமான பகுதி ஒன்றைக் கண்டுபிடித்தவர் சென்னையில் படித்த பத்தொன்பது வயதுப் பையன். முழுக் கதையையும் சொல்கிறேன், கேளுங்கள்.

வானத்து விருந்தாளிகள்

வானத்தில் திடீரென்று புது நட்சத்திரம் தோன்றுவது போக்சன் காலத்துச் செய்தி மட்டுமல்ல. 1054-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீன நாட்டு வானியலாளர்கள் ரிஷப ராசியில் ஒரு புது நட்சத்திரத்தைக் கண்டு எழுதி வைத்தார்கள். பட்டப்பகலிலேயே 23 நாட்கள் கண்ணுக்குத் தெரிந்ததாம். எங்கிருந்தோ வந்து, கொஞ்ச நாள் தங்கி, சொல்லாமல் போய்விடுவதால் இந்த மாதிரி நட்சத்திரங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'விருந்தாளி நட்சத்திரம்'. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

1572-ல் டென்மார்க்கில் டைக்கோ பிராஹே ஒன்றைப் பார்த்தார். 1604-ல் கெப்ளர் ஒன்றைப் பார்த்தார். வானம் என்றைக்கும் மாறாதது என்று நம்பிக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு இவை பெரிய அதிர்ச்சி. இலத்தீன் மொழியில் புதியது என்று பொருள்படும் 'நோவா' என்ற பெயர் அப்போதுதான் நிலைத்தது.

பின்னால்தான் தெரிந்தது, இவை எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று. 1054, 1572, 1604-ல் தெரிந்தவை 'சூப்பர்நோவா'. அதாவது ஒரு நட்சத்திரம் மொத்தமாக வெடித்துச் சிதறிய சம்பவம். அது ஒரு தடவைதான் நடக்கும். 1054-ல் வெடித்ததன் மிச்சத்தை இன்றும் நண்டு நெபுலா என்ற மேகமாகத் தொலைநோக்கியில் பார்க்கலாம். போக்சன் பார்த்தது அந்த ரகம் இல்லை. அது வேறு கதை.

சென்னைக்கு ஏன் வானாய்வுக்கூடம்?

நம் வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். காரணம் கப்பல்! நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நட்சத்திரங்களின் இடமும் துல்லியமான நேரமும் தெரிய வேண்டும். சோழமண்டலக் கரையில் பாறையும் மணல்திட்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று சரியாக வரைபடம் போடவும் இதுதான் அடிப்படை. 1786-ல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவர் சொந்தமாக ஒரு சின்ன வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை நுங்கம்பாக்கத்தில் முறையான கட்டடமாகக் கட்டியது. அங்கே தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றைக்கும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். டி.வி.யில் புயல் எச்சரிக்கை சொல்லும்போது 'நுங்கம்பாக்கம்' என்று கேட்கிறோமே, அதே இடம்தான்.

போக்சன் 1861-ல் இங்கே பொறுப்பேற்றார். வந்த வருஷமே ஏப்ரல் 17-ஆம் தேதி ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். 1891-ல் இறக்கும் வரை முப்பது வருஷம் சென்னையிலேயே இருந்தார்.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லாமல் போனால் பாவம். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே வானாய்வுக்கூடத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. கருவியைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்ட மனிதர். 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற, பிரகாசம் மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-ல் இலண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1874-ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடந்தபோது, அது என்னவென்று நம் மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். 'டிப்ளமாதானே, உதவியாளர் வேலைதானே' என்று நம்மை நாமே குறைத்துக்கொள்ளும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாகரிதம் டேபிளை எடுங்கள்!

நட்சத்திரப் பிரகாசத்தை அளக்க 'மாக்னிட்யூட்' என்ற ஒரு எண் உண்டு. பிரகாச எண் என்று வைத்துக்கொள்வோம். இது தலைகீழ் அளவுகோல். எண் கூடக்கூடப் பிரகாசம் குறையும். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரிகிற கடைசி நட்சத்திரத்தின் எண் 6.

இரண்டாயிரம் வருஷமாகக் குத்துமதிப்பாக இருந்த இந்த அளவுகோலுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம போக்சன்தான்! ஐந்து எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று 1856-ல் சொன்னார். அப்படியானால் ஒரு எண்ணுக்கு 100-இன் ஐந்தாம் மூலம், அதாவது 2.512 மடங்கு. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

1863-ல் அவர் பார்த்த புது நட்சத்திரத்தின் எண் சுமார் 9. அதன் இன்றைய பெயர் 'யு ஸ்கார்ப்பி'. சாதாரண நாட்களில் அதன் எண் சுமார் 18. வெடிப்பின் உச்சத்தில் சுமார் 7.5. வித்தியாசம் 10.5. இதை 0.4-ஆல் பெருக்கினால் 4.2. ஆன்டிலாக் பார்த்தால் சுமார் 15,850!

அதாவது ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று கிட்டத்தட்ட பதினாறாயிரம் மெழுகுவத்தி. அப்புறம் அதே வேகத்தில் அணைகிறது. உச்சத்திலிருந்து மூன்றே நாட்களுக்குள் மூன்று எண் இறங்கிவிடும். அதாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். தெரிந்த நோவாக்களில் மிக வேகமாக மங்குகிறவற்றில் இதுவும் ஒன்று. ஒரு வாரம் மேகமூட்டம் இருந்தால் போச்சு, வந்ததே தெரியாது.

கண்ணாடித் தட்டில் கிடைத்த துப்பு

போக்சனின் குறிப்புக்கு அப்புறம் பல வருஷங்கள் அந்த இடத்தில் எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை. ஒருவேளை மனிதர் கண் ஏமாற்றியிருக்குமோ என்று யாராவது நினைத்திருந்தால்கூட ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக்கூடம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. இரவுக்கு இரவு வானத்தைக் கண்ணாடித் தட்டில் புகைப்படம் எடுத்து, தேதி போட்டு அடுக்கி வைப்பது. எதற்காக என்று கேட்டால் அப்போதைக்குத் தனியாகக் காரணம் எதுவும் இருக்காது. எடுத்து வை, அவ்வளவுதான். 1940-ல் ஹெலன் தாமஸ் என்ற ஆய்வாளர் அந்தத் தட்டுகளில் போக்சன் சொன்ன இடத்தைத் தேடினார். 1906-ல் எடுத்த தட்டுகளில் அந்த நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. 1936-லும் இருந்தது!

அப்படியானால் இது ஒரு தடவை வந்துபோன விருந்தாளி இல்லை. திரும்பத் திரும்ப வருகிற ஆள். 1979, 1987, 1999-ஆம் ஆண்டுகளில் அது வெடித்தபோதே உடனுக்குடன் கண்டுபிடித்தார்கள். பிராட்லி ஷேஃபர் என்ற அமெரிக்க வானியலாளர் பழைய தட்டுகளையும் குறிப்புகளையும் சலித்து 1917, 1945, 1969 வெடிப்புகளையும் தேடி எடுத்தார்.

இப்போது பட்டியலைப் பாருங்கள்: 1863, 1906, 1917, 1936, 1945, 1969, 1979, 1987, 1999. பல இடைவெளிகள் 8 முதல் 12 வருஷம். சில மட்டும் இரட்டிப்பாக இருக்கின்றன. ஏன்? நடுவில் நடந்தவற்றை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் பொருள். ஒவ்வொரு வருஷமும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சூரியன் அந்தத் திசையில் இருக்கும். அப்போது வெடித்தால் வெளிச்சத்தில் தெரியாது. வெடிப்பும் சில நாள் கூத்துதான். ஆக, சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு வந்தது. இந்த மாதிரி மனிதர் பார்த்தே பல தடவை வெடித்த நோவாக்களை 'மீள்நோவா' என்கிறார்கள். நம் பால்வீதி மண்டலத்தில் உறுதியாகத் தெரிந்தவை சுமார் பத்துதான். அதில் ஒன்று நுங்கம்பாக்கத்துக் கண்டுபிடிப்பு!

வெடிப்பது எப்படி?

அங்கே இருப்பது ஒரு நட்சத்திரம் இல்லை, இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 1.23 நாள், அதாவது சுமார் 29 மணி நேரம். சனிக்கிழமை காலையில் சுற்ற ஆரம்பித்தால் ஞாயிறு மதியத்துக்குள் ஒரு ரவுண்டு முடிந்துவிடும். அவ்வளவு நெருக்கம். பூமியிலிருந்து பார்க்கும்போது ஒன்று மற்றதை மறைக்கிறது. அதனால் இந்தக் கால அளவைத் துல்லியமாக எடுக்க முடிகிறது.

இரண்டில் ஒன்று, வயதாகி ஊதிப்போன நட்சத்திரம். இன்னொன்று 'வெண்குள்ளன்'. எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரத்தின் மிச்சம் அது. சூரியன் அளவு எடை, ஆனால் பூமி அளவு உருவம். அதில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்குகிற கிரேன் எல்லாம் அங்கே கைப்பிடி அளவுக்கே திணறிப்போகும்.

ஊதிப்போன நட்சத்திரத்தின் மேல்பரப்பு ஹைட்ரஜனை இந்தக் குள்ளன் இழுக்கிறது. அது நேராக விழாமல் ஒரு தட்டு போலச் சுற்றிச் சுற்றி வந்து குள்ளனின் மேல் படிகிறது. படியப் படிய அடியில் அழுத்தமும் சூடும் ஏறும். ஒரு கட்டத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் நம்ம மெக்கானிக்கல் பாடம் வருகிறது. சூரியனிலும் இதே இணைவுதான் நடக்கிறது. அது ஏன் வெடிக்கவில்லை? சூரியனுக்குள் ஒரு இயற்கையான 'கவர்னர்' இருக்கிறது. சூடு ஏறினால் வாயு விரியும். விரிந்தால் குளிரும். குளிர்ந்தால் எரிவது குறையும். எஞ்சின் வேகம் ஏறினால் கவர்னர் எரிபொருளைக் குறைப்பது போலத்தான்.

வெண்குள்ளனின் மேல் நெருக்கி அமுக்கப்பட்ட பொருளில் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது இல்லை, அடர்த்தியைப் பொறுத்தது. நாம் படித்த வாயு விதி அங்கே செல்லாது. சூடு ஏறினாலும் விரியாது. விரியாததால் குளிராது. குளிராததால் இன்னும் வேகமாக எரியும். இன்னும் சூடு ஏறும். சேஃப்டி வால்வு அடைத்துக்கொண்ட பாய்லரில் நெருப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதேதான். வெப்பம் பத்து கோடி டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பொருள் தன் பிடியை விட்டு மறுபடி சாதாரண வாயு போல நடக்கும். அப்போது மேல் அடுக்கு முழுவதும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும். பாய்லர் வெடித்தால் ஷெட்டே மிச்சமிருக்காது. ஆனால் இங்கே குள்ளனுக்கு ஒன்றும் ஆகாது. மேல்தோல்தான் போகும். மறுபடி ஹைட்ரஜன் படிய ஆரம்பிக்கும். அடுத்த வெடிப்புக்குத் தயார்!

பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஏன்?

சாதாரண நோவா ஒரு தடவை வெடித்தால் மறுபடி வெடிக்க ஆயிரக்கணக்கான, சிலவற்றில் லட்சக்கணக்கான வருஷம் ஆகும். இது மட்டும் ஏன் இத்தனை அவசரப்படுகிறது?

இதற்கு விடை சொல்லத்தான் நம் சென்னை மாணவர் வருகிறார். சுப்ரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1930 ஜூலை கடைசியில் மேல்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். வயது 19. கப்பலில் பொழுதுபோக்காக அவர் போட்ட கணக்குதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. வெண்குள்ளன் எடை கூடக்கூட உருவத்தில் சிறிதாகும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடையைத் தாண்டினால் தன்னைத்தானே தாங்க முடியாது. இதுதான் 'சந்திரசேகர் எல்லை'. 1935-ல் எடிங்டன் என்ற மாபெரும் வானியலாளர் இதை வெளிப்படையாகவே கேலி செய்தார். சந்திரசேகர் தளரவில்லை. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எடை கூடினால் உருவம் சுருங்கும். சுருங்கினால் மேல்பரப்பில் ஈர்ப்பு பயங்கரமாகக் கூடும். அப்போது கொஞ்சம் ஹைட்ரஜன் படிந்தாலே போதும், பற்றிக்கொள்ளும் அழுத்தம் வந்துவிடும். துணை நட்சத்திரமும் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தால் பத்து வருஷத்தில் அடுத்த வெடிப்பு. ஆகவே இவ்வளவு அடிக்கடி வெடிக்கிறது என்றாலே அந்தக் குள்ளன் சந்திரசேகர் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அதன் எடை சுமார் 1.37 சூரியன் என்று ஜப்பானைச் சேர்ந்த இசுமி ஹச்சிசு, மாரிகோ கட்டோ இருவரும் கணக்கிட்டார்கள்.

நுங்கம்பாக்கத்தில் 1863-ல் எழுதப்பட்ட கேள்விக்கு, கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவரின் கணக்கு பதிலின் பாதியைத் தருகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். நடுவே போன காலமோ 67 வருஷம்!

சொல்லி அடித்தது

அறிவியலில் நடந்ததை விளக்குவது ஒன்று. நடக்கப் போவதைச் சொல்வது இன்னொன்று. ஷேஃபர் பழைய பதிவுகளை வைத்து, அடுத்த வெடிப்பு 2009-ஐ ஒட்டி, ஒரு வருஷம் முன்பின்னாக நடக்கும் என்று முன்கூட்டியே எழுதினார். உலகம் முழுக்கத் தொழில்முறை வானியலாளர்களும் அமெச்சூர்களும் காத்திருந்தார்கள். 2010 ஜனவரி 28-ஆம் தேதி வெடித்தது! முதலில் பார்த்தவர்கள் ஃபுளோரிடாவைச் சேர்ந்த இரண்டு அமெச்சூர்கள், பார்பரா ஹாரிஸ், ஷான் ட்வோராக். அதற்கு அடுத்தது 2022 ஜூன் 6. அதைக் கண்டவரும் ஜப்பானில் ஒரு அமெச்சூர்தான், மசாயுகி மோரியாமா.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் பணி 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. அந்த வழியில் வந்ததுதான் இன்று பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நம் மாநிலத்தில் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வுக்கூடம் அவர்களுடையது. 1999 வெடிப்பின்போது அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யு ஸ்கார்ப்பியின் நிறமாலையை எடுத்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 1863-ல் முதன்முதலாகப் பார்த்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் என்றே இவர்களைச் சொல்லலாம்.

இன்னும் தீராத வழக்கு

இந்தக் குள்ளன் கடைசியில் என்ன ஆகும்? ஒவ்வொரு வெடிப்பிலும் படிந்ததில் ஒரு பகுதி தங்கிவிட்டால், எடை மெல்ல மெல்ல ஏறி எல்லையைத் தொடும். அப்போது தோல் மட்டும் அல்ல, ஆளே வெடித்துப்போவான். 1572-ல் டைக்கோ பார்த்தது வெண்குள்ளன் ஒன்று அப்படி முழுதாக வெடித்ததைத்தான். இந்த ரகச் சூப்பர்நோவாவை வைத்துத்தான் பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்கிறார்கள். ஆகவே அது எப்படிப்பட்ட நட்சத்திரத்திலிருந்து வருகிறது என்பது சின்னக் கேள்வி அல்ல.

ஹச்சிசு, கட்டோ கணக்குப்படி எடை கூடுகிறது. ஷேஃபர் வேறு வழியில் போனார். வெடிப்புக்கு முன்னும் பின்னும் அந்த 1.23 நாள் சுற்றுக்காலம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். அதிலிருந்து வெளியே போன பொருள் எவ்வளவு என்று கணக்கிடலாம். அவர் முடிவு: வருவதை விடப் போவது அதிகம். சம்பளத்தை விடச் செலவு அதிகமான வீடு போல, குள்ளன் தேய்ந்துகொண்டு போகிறானாம். வழக்கு இன்னும் முடியவில்லை. வரப்போகும் வெடிப்புகளும், வினாடி சுத்தமாக எடுக்கப்படும் நேர அளவுகளும்தான் தீர்ப்பு சொல்லும்.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, இத்தனை தூரம் எழுதியதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் லேப்களில் நடப்பது நமக்குத் தெரியும். எதிர்பார்த்த ரீடிங் வரவில்லை என்றால், "மச்சான், சீனியர் ரெக்கார்டுல என்ன போட்டிருக்கான் பாரு" என்று சில பேர் ஆரம்பித்துவிடுவார்கள். கிராஃப் நேர்க்கோடாக வந்துவிடும். மார்க்கும் வந்துவிடும். வராமல் போனது என்ன? ஒருவேளை அந்தப் 'தப்பான' ரீடிங்தான் மீட்டர் பழுது என்று சொல்லியிருக்கும். ஸ்பெசிமனில் விரிசல் என்று சொல்லியிருக்கும்.

போக்சனுக்குக் கிடைத்ததும் படத்தில் இல்லாத ரீடிங்தான். காரணம் தெரியாது, பொருந்தவும் இல்லை. அவர் அதை அடிக்கவில்லை, திருத்தவில்லை. ஹார்வர்டில் தட்டுகளை எடுத்தவர்களும் எதற்கென்று தெரியாமலேயே தேதி போட்டு வைத்தார்கள். தேதி இல்லாமல் இருந்திருந்தால் பத்து வருஷக் கணக்கு வந்திருக்காது. அது வராவிட்டால் 2010-ஐச் சொல்லியிருக்க முடியாது. இவ்வளவு அடிக்கடி வெடிக்கிறது, ஆகவே கனமான குள்ளன் என்ற முடிவுக்கும் வந்திருக்க முடியாது.

நாளைக்கு நம்மில் பலர் எண்ணூரிலோ மணலியிலோ அம்பத்தூரிலோ ஷிப்டில் நிற்கப் போகிறோம். மணிக்கு ஒரு தடவை லாக் புக்கில் பிரஷர், டெம்பரேச்சர் எழுதுவது நம் வேலையாக இருக்கும். அதைப் பார்க்காமலே, முந்தின மணி எழுதியதையே இறக்கி எழுதலாம். யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஏதாவது ஒன்று நடந்த பிறகு, காரணம் தேடி வருகிறவனுக்கு நாம் விட்டுவைத்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான். அந்த வரி பொய்யாக இருந்தால் பாதிக்கப்படுவது நட்சத்திரம் அல்ல, அடுத்த ஷிப்டில் அதே பாய்லர் பக்கம் நிற்கப் போகிற நம் நண்பன்.

எங்கே பார்ப்பது?

மே கடைசி, ஜூன் மாதங்களில் நள்ளிரவு வாக்கில் மாதவரத்தில் மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பாருங்கள். செந்நிறமாக ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் கேட்டை, விருச்சிகத்தின் நெஞ்சு. கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. கேட்டைக்கு வடக்கே கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தள்ளினால் யு ஸ்கார்ப்பி இருக்கிற இடம். சாதாரண நாளில் எதுவும் தெரியாது. உச்சத்தில்கூட வெறும் கண்ணின் எல்லையை விட நான்கு மடங்கு மங்கல்தான். ஒரு சின்னத் தொலைநோக்கி வேண்டும். மணலிப் பக்கத்து வெளிச்சம் வடக்கே கிடக்கட்டும், நமக்கு வேண்டியது தெற்கு வானம்.

பழைய கணக்கு நீடித்தால் அடுத்த வெடிப்பு 2030-களின் முதல் பாதியில் இருக்கலாம். அப்போது நம்மில் பலர் வேலையில், குடும்பத்தில் இருப்போம். வடக்கு மகுடம் என்ற மண்டலத்தில் 'டி கொரோனே போரியாலிஸ்' என்று இன்னொரு மீள்நோவா உண்டு. 1866-லும் 1946-லும் வெறும் கண்ணுக்கே தெரியும்படி வெடித்தது. அடுத்ததை 2024-லிருந்தே உலகம் முழுக்க எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள்.

பார்க்க நேர்ந்தால் ஒரு நோட்டை எடுங்கள். தேதி, நேரம், இடம், பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பிரகாசம். நான்கே விஷயம். காரணம் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, அதைச் சொல்ல வேறு ஒருவன் பிறந்து வருவான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைப்பது நம் பொறுப்பு.